பழைய பங்களாக்களின் சுதை அலங்காரம்: பெங்களூரில் பழுது பார்ப்பதும் மறுபடி வார்ப்பதும்

குக் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன், பிரேசர் டவுன் பக்கம் இடிபடாமல் மிஞ்சியிருக்கும் பங்களாவின் சொந்தக்காரர் யாராக இருந்தாலும் முதலில் கேட்பது "எவ்வளவு ஆகும்?" என்றுதான். பதில் சொல்லும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. உடைந்த அலங்காரம் மழை படும் இடத்தில் இருக்கிறதா, படாத இடத்திலா? கூடத்துக் கார்னிஸ் (சுவர் உச்சியில் நீளமாக ஓடும் அலங்கார விளிம்பு), கூரை நடுவில் இருக்கும் பூ வட்டம், உள் ஆர்ச்சின் உச்சி இலை, இவற்றை ஜிப்சத்தில் வார்த்துப் பொருத்தலாம். போர்ட்டிகோ தூண், கைப்பிடிச்சுவர் மேல் நிற்கும் ஜாடி, ஜன்னல் மேல் முக்கோண முகப்பு, கேட் தூண் உருண்டை எல்லாம் சுண்ணாம்பில்தான் ஆக வேண்டும். ஜிப்சம் ஒரு லிட்டர் தண்ணீரில் 2 கிராமுக்கு மேல் கரையும். பெங்களூர் மழையில் முதலில் மழுங்குவது இலையின் நரம்பு, அப்புறம் இலையே.

மல்லேஸ்வரம், பசவனகுடியில் வேலை வேறு மாதிரி. 1898 பிளேக்குக்குப் பிறகு எழுந்த இந்தப் பேட்டைகளின் பழைய வீடுகளில் கைப்பிடிச்சுவர் நடுவே கஜலட்சுமி, இரண்டு பக்கமும் சிங்கமோ மயிலோ, கீழே வீடு கட்டிய வருஷம் என்று இருக்கும். அது அச்சில் வார்த்தது அல்ல, கையால் கட்டிய சுதை. அந்தக் கை இன்றும் கோபுர வேலை செய்பவர்களிடம்தான் இருக்கிறது. கும்பாபிஷேக வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து அல்சூர், சிவாஜிநகர் கோயில்களுக்கு வரும் குழுக்களைப் பிடிப்பது நல்ல யோசனை. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் இன்று சுதையைச் சிமெண்டில் செய்து பழகியவர்கள். பொருள் சுண்ணாம்பு என்பதை முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள். சாரம் கட்டிய பிறகு பேசினால் "ஒரு கை சிமெண்ட் போட்டாத்தான் சார் நிக்கும்" என்ற பேச்சில்தான் முடியும்.

ஒரு கை சிமெண்ட் போட்டால் நிற்பது சிமெண்ட் மட்டும்தான். பழைய சுண்ணாம்புப் பூச்சு மென்மையானது, ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். மேலே ஒட்டிய சிமெண்ட் அதை விடக் கடினம், ஈரத்தை வெளியே விடாது. சுவரில் ஏறிய தண்ணீர் இரண்டும் சேரும் இடத்தில் தேங்கி, உப்பு அங்கேயே படிகமாகி, பழைய பூச்சைப் பின்னாலிருந்து பொடியாக்கும். சில மழைக்காலம் கழித்துச் சிமெண்ட் ஒட்டு முழுசாகக் கழன்று விழும்போது, பின்னால் அரை அங்குலம் அசலையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும்.

முதலில் தண்ணீர்

கார்னிஸ் உதிர்ந்திருந்தால் கார்னிஸைப் பார்க்காதீர்கள், அதற்கு மேலே ஏறிப் பாருங்கள். மெட்ராஸ் டெரஸ் கூரையில் தேக்கு விட்டங்களின் மேல் செங்குத்தாக அடுக்கிய செங்கல், அதன்மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு, அதற்கு மேல் தட்டோடு. இந்தத் தட்டோடு கைப்பிடிச்சுவரைச் சந்திக்கும் மூலையில்தான் விரிசல் விழும். மழைநீர்க் குழாய் வாயில் இலை அடைத்திருக்கும், அரசங்கன்று வேர் விட்டிருக்கும், எண்பதுகளில் யாரோ மாடியில் கட்டிய பாத்ரூமின் குழாய் கசியும், ஏ.சி. தண்ணீர்க் குழாய் நேராகக் கார்னிஸ் மேல் விடப்பட்டிருக்கும். இவற்றைச் சரி செய்யாமல் பூச்சைத் தொட்டால் காசு போகும்.

சரி செய்தபின் சுவர் காய வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு. ஒன்றரை அடிச் சுவர் முழுக்க ஊறியிருந்தால் அந்தக் கணக்கில் ஒன்றரை வருஷம், குறைந்தது அடுத்த வெயில் காலம் முழுக்கவாவது காத்திருக்க வேண்டும். வெள்ளை உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது, கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, விழுவதைப் பையில் சேர்த்து வெளியே கொட்டுங்கள். பிடிவாதமான இடத்தில் நனைத்த காகிதக் கூழை ஒரு விரல் கனத்துக்கு அப்பி முழுக்கக் காய விட்டு எடுத்தால் உப்பு கூழுக்கு ஏறி வரும். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும்.

என்ன பொருள், எவ்வளவு கலவை

கண்ணுக்குப் படாத ஓரத்தில் கட்டைவிரல் அளவு துண்டு எடுங்கள். நகத்தால் கீறினால் கோடு விழுகிறது, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கவில்லை என்றால் ஜிப்சம். நன்றாக நுரைத்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறம், கத்திக்கும் மசியாத கடினம் என்றால் பிற்காலச் சிமெண்ட் ஒட்டு. உடைத்த முகத்தில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் சுர்க்கி, அதாவது செங்கல் பொடி.

பழைய கலவை விகிதத்தையும் வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். 100 கிராம் துண்டைப் பொடித்து, அமிலத்தில் நுரை நிற்கும் வரை கரைத்து, வடிகட்டிக் கழுவிக் காய வைத்து எடை பாருங்கள். 75 கிராம் மணல் மிஞ்சினால் கரைந்தது 25 கிராம் சுண்ணாம்புக் கார்பனேட். பூசும்போது அது சுமார் 18.5 கிராம் நீற்றிய சுண்ணாம்பு. கன அளவில் மணல் 50 மில்லி, சுண்ணாம்புக் குழைவு 27, 28 மில்லி. ஆக 1-க்கு 2-க்கும் சற்றுக் கீழே. எல்லாரும் மனப்பாடமாகச் சொல்லும் 1:3-ஐ விடச் சுண்ணாம்பு அதிகம் என்பது இப்படித்தான் தெரிய வரும். மிஞ்சிய மணலைத் தூக்கிப் போட வேண்டாம். சல்லடையில் போட்டு எந்த அளவு எவ்வளவு என்று குறித்து, அதே நிறம், அதே பருமனில் புது மணல் தேடுங்கள். மணலில் கிளிஞ்சல் துண்டோ சுண்ணாம்புக் கல்லோ இருந்தால் அமிலம் அதையும் தின்றுவிடும், அப்போது இந்தக் கணக்கு பொய். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் அல்ல. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

தட்டிப் பார்ப்பது

ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் அடிக்கொரு தட்டு. கெட்டியான சத்தம் வரும் இடத்தை விட்டுவிடுங்கள். கூடு விழுந்த சத்தம் வரும் இடத்தைச் சாக்பீஸால் வளைத்துக் கோடு போடுங்கள். கை வைத்து அழுத்தினால் அசையும் இடத்துக்குத் தனிக் குறி. இதை வரைபடத்தில் ஏற்றிப் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்தபின்தான் ஒரு கரண்டிகூட வேலை தொடங்க வேண்டும். கூடு விழுந்த சத்தம் என்றதும் தட்டி இறக்கிவிடுவது கொத்தனாரின் பழக்கம். அதைத் தடுப்பதுதான் மேற்பார்வை பார்ப்பவரின் பெரிய வேலை. அசையாத கூடு அப்படியே பல வருஷம் நிற்கும்.

அசையும் பகுதியை ஊசி மூலம் நிரப்பலாம். முதலில் கீழிருந்து முட்டு கொடுங்கள்: பிளைவுட், அதன்மேல் ஸ்பாஞ்ச், அதன்மேல் பாலிதீன். அலங்காரக் கோடு படாத இடங்களில் 4 முதல் 5 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, ரப்பர் பந்தால் ஊதித் தூசியை வெளியே தள்ளுங்கள். பாதித் தண்ணீர், பாதி ஸ்பிரிட் கலந்து ஊசியில் ஏற்றி உள்ளே நனையுங்கள். வெறும் தண்ணீர் காய்ந்த தூசி மேல் உருண்டு ஓடும், ஸ்பிரிட் சேர்ந்தால் ஊறும். பிறகு நன்றாக வடித்த சுண்ணாம்புக் குழைவில் மெல்லிய சுர்க்கி கலந்து, ஊசியில் போகும் அளவு நீர்க்கச் செய்து, கீழ் ஓட்டையிலிருந்து மேலே ஏற்றுங்கள். அடுத்த ஓட்டையில் எட்டிப் பார்த்ததும் நிறுத்துங்கள். ஒரே மூச்சில் ஓர் அடி உயரத்துக்கு மேல் ஏற்றினால் ஈரக் கலவையின் எடையே பூச்சைத் தள்ளி இறக்கிவிடும்.

சுர்க்கி எதற்கு? வெறும் சுண்ணாம்பு இறுகக் காற்றிலுள்ள கரியமில வாயு வேண்டும். சுவருக்கும் பூச்சுக்கும் நடுவிலுள்ள பொந்தில் அது போதாது, மாதக்கணக்கில் குழைவாகவே கிடக்கும். சுர்க்கி இருந்தால் தண்ணீரோடு சேர்ந்தே இறுகும். ஆனால் அளவாகச் சுட்ட செங்கல் அல்லது ஓட்டின் பொடியாக இருக்க வேண்டும். கறுக்கச் சுட்ட செங்கலின் பொடி வெறும் மணல்தான்.

பெயிண்ட் உரிப்பது

பல அடுக்குப் பெயிண்ட் சேர்ந்தால் 2, 3 மில்லிமீட்டர் கனம் வரும். இலைக்கு நடுவிலுள்ள பள்ளம் மூடிவிடும். அதை அப்படியே அச்செடுத்தால் மழுங்கிய இலைதான் வீடு முழுக்கப் பெருகும். உரிக்கும் முன் ஓரிடத்தில் ஒவ்வொரு அடுக்காகப் படி போலச் சுரண்டி நிறங்களைக் குறித்து வையுங்கள், கடைசியில் வண்ணம் முடிவு செய்ய அதுதான் சாட்சி.

டிஸ்டெம்பர், அதாவது தண்ணீரில் கரைத்து அடிக்கும் பழைய பூச்சு, வெந்நீருக்கும் ஸ்பாஞ்சுக்கும் போய்விடும். வெள்ளையடித்த சுண்ணாம்பை மூங்கில் சீவலாலும் சிறிய கத்தியாலும் தட்டிப் பெயர்க்க வேண்டும், நேரம் பிடிக்கும், வேறு வழி இல்லை. எண்ணெய் பெயிண்டுக்குக் கரைப்பான் ஜெல். காஸ்டிக் சோடா வேண்டாம், பூச்சுக்குள் உப்பாகத் தங்கிவிடும். பழைய எண்ணெய் பெயிண்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-ல் தான் வந்தது. அதனால் உலர உரசுவதோ நெருப்பு காட்டுவதோ கூடவே கூடாது. நனைத்துச் சுரண்டி, விழுவதைத் தார்ப்பாயில் பிடித்து, வேலை செய்பவர் கை கழுவாமல் டீ குடிக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே: ஜிப்சம்

நீள வாக்கில் ஒரே கோடாகப் போகும் கார்னிஸுக்கு ரப்பர் அச்சு தேவையில்லை, தகட்டு டெம்ப்ளேட் போதும். உடைந்த முனையில் மெல்லிய ரம்பத்தால் குறுக்கே அறுத்து, வெட்டில் அட்டையைச் செருகி, ஓரத்தைப் பென்சிலால் வரையுங்கள். மூன்று இடத்தில் எடுங்கள். கையால் இழுத்த கார்னிஸ் சுவருக்குச் சுவர் 3, 4 மில்லிமீட்டர் மாறும். சராசரி எடுக்காமல், புதுத் துண்டு எந்த இடத்தில் போய்ச் சேரப்போகிறதோ அந்த இடத்து வரைவையே பிடியுங்கள். துத்தநாகத் தகட்டில் அதை வெட்டி, அரத்தால் ஓரம் சுத்தம் செய்து, பின்னால் பிளைவுட் வைத்து ஆணியடியுங்கள். பிளைவுட் ஓரம் தகட்டு ஓரத்துக்கு 3 மில்லிமீட்டர் உள்ளே இருக்கட்டும், பின்பக்கம் சாய்வாகச் சீவியிருக்கட்டும். இல்லையென்றால் கலவை அங்கே அடைத்துக்கொண்டு மேற்பரப்பைக் கிழிக்கும். இத்துடன் செங்கோணமாக ஓர் ஓடுகட்டையைப் பொருத்தினால் மேஜை ஓரத்தைப் பிடித்து நேராக ஓடும்.

கலவைக்கு 1 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 1.5 கிலோ பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், அதாவது சுட்ட ஜிப்சப் பொடி. தண்ணீரை முதலில் வாளியில் விட்டு, பொடியைக் கையால் தூவிக்கொண்டே வர வேண்டும். மேலே தீவுகள் போல நிற்கத் தொடங்கியதும் நிறுத்தி, இரண்டு நிமிஷம் ஊற விட்டு, பிறகு கையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து மெதுவாகக் கலக்க வேண்டும். வேகமாகக் கலக்கினால் காற்றுக் குமிழி. வாளியில் முந்தைய தடவை இறுகிய துணுக்கு ஒட்டியிருந்தால் அதுவே விதையாகி, இருபது நிமிஷத்தில் இறுக வேண்டியது ஐந்து நிமிஷத்தில் இறுகிவிடும். "பவுடர் சரியில்ல" என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் வாளியைப் பாருங்கள். நேரம் வேண்டுமென்றால் கிலோவுக்கு அரை கிராமிலிருந்து ஒரு கிராம் வரை சிட்ரிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைக்கலாம், அதற்கு மேல் போனால் வார்ப்பு பொடியும். இறுகத் தொடங்கியதில் தண்ணீர் விட்டு மறுபடி குழைப்பது மட்டும் கூடாது. அது காயும், ஆனால் இறுகாது.

மேஜைமேல் கலவையைக் கொட்டி, சாக்குத் துணிப் பட்டையை நனைத்து உள்ளே பதித்து, டெம்ப்ளேட்டை ஒரே திசையில் இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு தகட்டைத் துடைக்க வேண்டும். கடைசி இரண்டு இழுப்புக்கு மிக நீர்க்கக் கலந்த பிளாஸ்டரை மேலே தெளித்து ஓட்டினால் முகம் கண்ணாடியாக வரும். நாலைந்து அடிக்கு மேல் நீளம் வேண்டாம், தூக்கும்போது முறியும். பொருத்தும்போது பின்பக்கத்தையும் சுவரையும் நனைத்து, பிளாஸ்டர் குழைவு தடவி, துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்க்ரூவை உள்ளே அமிழ முடுக்குங்கள். சாதா ஆணி ஒரு மழைக்காலத்திலேயே செம்பழுப்புக் கறையாக மேலே எட்டிப் பார்க்கும். சிமெண்ட் குழைவில் ஒட்டவும் கூடாது. ஜிப்சமும் சிமெண்டும் ஈரத்தோடு சேர்ந்தால் எட்ரிங்கைட் என்ற படிகம் வளர்ந்து இரண்டையும் வெடிக்க வைக்கும்.

பூ வட்டம், இலை, முட்டையும் அம்பும் மாறி மாறி வரும் வரிசை போன்றவற்றுக்கு சிலிகான் ரப்பர். இருப்பதில் நல்லதைத் தேர்ந்து, அசிட்டோனில் கரைத்த பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினை நூற்றுக்கு 5 பங்கு அளவில் மெல்லியதாகத் தடவுங்கள். இல்லையென்றால் சிலிகானின் எண்ணெய் அசலுக்குள் ஊறிக் கறையாகும். வேலை முடிந்ததும் அசிட்டோனிலேயே துடைத்துவிடலாம். ஆழமாகக் குடைந்த இடங்களைக் களிமண்ணால் அடையுங்கள். பிளாட்டினம் வகை சிலிகான் என்றால் கந்தகம் கலந்த மாடலிங் களிமண் பட்ட இடத்தில் ரப்பர் இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும். தகரம் வகையில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் அது நூற்றுக்கு 0.3 முதல் 0.5 வரை சுருங்கும்: ஒரு மீட்டருக்கு 3 முதல் 5 மில்லிமீட்டர். தனிப் பூவுக்கு அது பொருட்டில்லை. வரிசையாகச் சேர்ந்து வரும் முட்டைக்கும் அம்புக்கும் மூலையில் போய் இடிக்கும். அச்சை எப்போதும் அசலிலிருந்தே எடுங்கள், வார்ப்பிலிருந்து இன்னொரு அச்சு எடுத்தால் சுருக்கம் இரட்டிப்பாகும்.

முதல் பூச்சு சிலிகானை நீர்க்கவே மெல்லிய பிரஷ்ஷால் பள்ளங்களில் தட்டித் தட்டி ஏற்றுங்கள், குமிழி நிற்பது அங்கேதான். தொட்டால் ஒட்டும் பதத்தில் அடுத்த பூச்சு, அதற்கு ரப்பரைக் கெட்டியாக்கும் சேர்மம் கலந்து. நடுவில் ஒரு காஸ் துணி (காயம் கட்டும் வலைத்துணி). மொத்தம் 5, 6 மில்லிமீட்டர். ஓர் அடி அகலப் பூவுக்குச் சுமார் 1 கிலோ ரப்பர் போகும். அதன்மேல் சாக்குத் துணியும் பிளாஸ்டரும் சேர்த்து இரண்டு மூன்று துண்டாக வெளிக்கூடு போடுங்கள். ஒன்றோடொன்று பொருந்தும் குழிகள் இருக்கட்டும். வெளிக்கூடு இல்லாத ரப்பரில் வார்த்தால் வட்டம் முட்டையாகத்தான் வரும். வார்ப்பைக் காய வைக்க மின்விசிறி போதும். 45 டிகிரிக்கு மேல் சூடு காட்டினால் இறுகிய ஜிப்சம் மறுபடி தண்ணீரை இழந்து முனை முனையாகப் பொடியும்.

வெளியே: சுண்ணாம்பு

ஐ.எஸ். 712 என்ற இந்தியத் தர விதி கட்டடச் சுண்ணாம்பை வகை பிரிக்கிறது. மேல்பூச்சுக்கும் வெள்ளையடிக்கவும் சி வகை, அதாவது கலப்பு குறைந்த கொழுத்த சுண்ணாம்பு. பையில் வரும் நீற்றிய பொடி எத்தனை மாதம் கடையில் கிடந்தது என்று தெரியாது. காற்று பட்டு ஏற்கெனவே பாதி கல்லாகியிருக்கும். கற்சுண்ணாம்பைக் கட்டியாகவே வாங்கி நீங்களே நீற்றுங்கள். டிரம்மில் முதலில் தண்ணீர், அதில் கட்டிகள். கட்டிமேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஒரு கிலோ கட்டிக்கு மூன்று லிட்டர் தண்ணீர் வரை எடுக்கும். தளதளவென்று கொதிக்கும், ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. மூக்குக் கண்ணாடி போதாது, பக்கங்களை மூடும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். ஆறியபின் கொசுவலையில் வடித்து, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி மூடி, குறைந்தது மூன்று மாதம் விடுங்கள். வடிகட்டாமல் விட்ட நீறாத துணுக்கு பூசிய பிறகு ஈரம் குடித்து ஊதி, மேற்பரப்பில் சிறு கிண்ணம் கிண்ணமாகத் தெறிக்கும். நவம்பர் கடைசியில் வேலை என்றால் ஆகஸ்டிலேயே டிரம் நிறைந்திருக்க வேண்டும். திட்டத்தில் பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான்.

ஆற்று மணல் கிடைப்பது அரிதாகிவிட்டதால் எம்-சாண்ட்தான் வரும். அதில் கல் தூசி அதிகம், அலசாமல் போட்டால் பூச்சு நெடுகத் தலைமுடி விரிசல் விழும். மணலின் இடைவெளியை அளப்பது எளிது: ஒரு லிட்டர் காய்ந்த மணலில் மேல்மட்டம் வரை தண்ணீர் ஊற்றுங்கள். 350 மில்லி பிடித்தால் அந்த இடைவெளியை நிரப்ப அவ்வளவு சுண்ணாம்புக் குழைவு வேண்டும். 1:3 என்ற விகிதம் வந்த வழி இதுதான்.

அடிப்பூச்சுக்கு 1 பங்கு குழைவு, 1 பங்கு சுர்க்கி, 2 பங்கு மணல், சட்டிக்கு ஒரு பிடி இரண்டு சென்டிமீட்டராக நறுக்கிய தேங்காய் நார். மேல்பூச்சுக்கு 1 பங்கு குழைவு, 1 பங்கு மெல்லிய வெள்ளை மணல் அல்லது மார்பிள் பொடி. தண்ணீர் சேர்க்காமல் கட்டையால் இடித்துக்கொண்டே இருந்தால் குழைவே இளகி வரும். தண்ணீர் சேர்ப்பது சுலபம், ஆனால் அதற்கு ஏற்ப விரிசல் கூடும்.

கடுக்காய் வெல்லத் தண்ணீர் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். சிக்பேட்டைப் பக்கத்து கிரந்திகே அங்கடிகளில் (நாட்டு மருந்துக் கடைகளில்) கன்னடத்தில் 'அளலெகாயி' என்று கேட்டால் கொடுப்பார்கள். கொட்டை நீக்கி இடித்த கடுக்காய் 1 கிலோ, வெல்லம் 1 கிலோ, தண்ணீர் 20 லிட்டர், பத்துப் பதினைந்து நாள் புளிக்க விட்டு வடித்து, இடிக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்கலாம். அளவு ஆளுக்கு ஆள் மாறும். கலவை இளகும், அதனால் வெறும் தண்ணீர் குறைவாகப் போதும், மெதுவாக இறுகுவதால் கை வேலைக்கு நேரம் கிடைக்கும். அதிகமானால் இறுகுவது தள்ளிப்போய்ப் பழுப்புக் கறை ஏறும். வெள்ளை மேல்பூச்சில் வேண்டாம். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. அரைகுறையாக நீற்றிய சுண்ணாம்பைக் கடுக்காய் காப்பாற்றாது.

கார்னிஸை வெளியே சுவரிலேயே இழுக்க வேண்டும். முதலில் உள்ளே இருக்கும் செங்கல் அல்லது கல் நீட்டலைத் தொட்டுப் பாருங்கள், ஆடினால் பூச்சு பேசிப் பயனில்லை. துருப்பிடித்த இரும்பு ஆணி, கம்பி இருந்தால் தோண்டி எடுங்கள். துரு இரும்பை விடப் பல மடங்கு இடம் பிடிக்கும், விரிசல் நேர்கோடாகப் போகிறதென்றால் அடியில் கம்பி என்று அர்த்தம். பதிலுக்குச் செப்புக் கம்பியோ துருப்பிடிக்காத ஸ்டீலோ. சுவரில் ரசமட்டம் பார்த்து மரச்சட்டம் அடித்து, அதன்மேல் டெம்ப்ளேட் ஓட வேண்டும். அடிப்பூச்சுக்குத் தகட்டின் ஓரத்தில் 5 மில்லிமீட்டர் கூடுதலாக நிற்கும் இன்னொரு தகட்டைப் பூட்டி இழுத்தால், மேல்பூச்சுக்கு அந்த 5 மில்லிமீட்டர் இடம் தானாகக் கிடைக்கும்.

ஒரு பூச்சு 10, 12 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழக் கூடாது, நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும். அந்தப் பதத்தில்தான் கொத்திவிட்டு, நனைத்து, அடுத்த பூச்சு. நடுவில் மெல்லிய விரிசல் தெரிந்தால் பயப்படாமல், பச்சையாக இருக்கும்போதே தண்ணீர் தெளித்து மணியாசு கட்டையால் அழுத்தித் தேய்த்து மூடுங்கள். காய்ந்தபின் மூடினால் அது ஒட்டு, மறுபடி திறக்கும். மூலை சேரும் இடத்துக்கு டெம்ப்ளேட் போகாது, கையால் கோடு கோடாக இணைக்க வேண்டும். ஒரு மூலைக்கு ஒரு நாள் கூலி என்று தனியாகப் பேசிவிடுங்கள், அவசரப்பட்ட மூலை தெருவிலிருந்தே தெரியும். கார்னிஸின் அடிப்புறத்தில் நீர் சொட்டும் காடி அசலில் இருந்திருக்கும், பெயிண்டில் மூடியிருக்கும். டெம்ப்ளேட்டில் அதை விட்டுவிட்டால் மழைத் தண்ணீர் அப்படியே சுவரோடு ஓடும்.

ஜாடியையும் பலஸ்டரையும் (கைப்பிடிச்சுவரின் குட்டித் தூண்) சுண்ணாம்பில் கட்டியாக வார்க்க முடியாது, உள்ளே காற்று போகாது. நடுவில் ஒரு குழாயை நிறுத்தி, சுற்றிச் செங்கல் துண்டு கட்டி, குழாயை அச்சாக வைத்து அரை வடிவத் தகட்டைச் சுற்றி ஓட்டினால் ஜாடி வரும். கஜலட்சுமிக்கு அச்சும் இல்லை, தகடும் இல்லை. மூக்கு உடைந்த முகத்தைப் பழைய படம் இல்லாமல் கற்பனையில் திருத்தச் சொல்லாதீர்கள். உடைந்த இடத்தை நீர் இறங்காதபடி ஓரம் மட்டும் அணைத்து நிறுத்துவதே மேல்.

வெளி வேலைக்குப் பெங்களூரில் நல்ல காலம் நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. செப்டம்பர், அக்டோபர் மழையில் பச்சைப் பூச்சு கரைந்து ஓடும். ஜனவரி மதியக் காற்று வறட்சி, ஈரத்தை உறிஞ்சிவிடும். சுண்ணாம்பு இறுக ஈரமும் காற்றும் சேர்ந்தே வேண்டும், காய்ந்துபோனால் இறுகுவது நின்று தொட்டால் பொடியாக வரும். நனைத்த சாக்கைப் பூச்சின்மேல் ஒட்டாமல் ஒரு கை தள்ளித் தொங்க விட்டு, ஒரு வாரத்துக்கு மேல் நாளைக்கு மூன்று நான்கு முறை தெளிப்பானால் பனி போல அடியுங்கள். குழாயைப் பிடித்து அடிக்க ஆளை விடாதீர்கள். எவ்வளவு தூரம் இறுகியிருக்கிறது என்று பார்க்க, ஓரத்தில் உடைத்து பினால்ப்தலீன் ஒரு சொட்டு விடுங்கள். ரோஸ் நிறம் வந்த பகுதி இன்னும் இறுகவில்லை. மாதத்துக்கு 1 மில்லிமீட்டர் என்ற வேகத்தில்தான் அது நகரும்.

மேலே எமல்ஷனோ சிமெண்ட் பெயிண்டோ அடித்தால் காற்றும் ஈரமும் போகும் வழியை அடைத்ததாகும். நீர்க்கக் கரைத்த சுண்ணாம்பு, நாளைக்கு ஒன்றாக நான்கு ஐந்து பூச்சு, ஒவ்வொன்றுக்கும் முன்பு சுவரை நனைத்து. அடித்ததும் ஒன்றுமே தெரியாது, காய்ந்தபின் வெளுக்கும். ஒரே பூச்சில் மூட வேண்டும் என்று கெட்டியாக அடித்தால் செதில் செதிலாக உரியும். நிறம் வேண்டுமென்றால் காவி, மஞ்சள் போன்ற மண் நிறங்கள்தான் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும்.

கூலியைச் சதுர அடிக்குப் பேசாதீர்கள், கார்னிஸுக்கு ரன்னிங் அடி, பூவுக்கு எண்ணிக்கை. ஓர் அடி மாதிரி செய்து காட்டச் சொல்லி, அதற்குத் தனியாகப் பணம் கொடுத்து, அந்த மாதிரியை வேலை முடியும் வரை அங்கேயே விட்டு வையுங்கள். முடிந்ததும் தகடுகளில் எந்த அறை, எந்தச் சுவர், எந்தத் தேதி என்று ஆணியால் கீறிக் கொடுக்கச் சொல்லுங்கள். ரப்பர் அச்சுகளை வெளிக்கூட்டோடு, உள்ளே ஒரு வார்ப்பையும் விட்டு, வெயில் படாத இடத்தில் தட்டையாக அடுக்குங்கள். வெறும் ரப்பரை மடித்து மூட்டை கட்டினால் அடுத்த முறை வார்க்கும் பூ மடிப்போடு வரும்.